கோடு போடும் முன் கணக்கெடுங்கள்

*மலையை வெட்டுவதற்கு முன் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முறை. கிள்ளான் பள்ளத்தாக்கின் காடுகளும் குகைகளும் அதைத்தான் கேட்கின்றன.*

சிலாங்கூரில் எந்த நிலம் காடாக நீடிக்கும், எது வீடமைப்புக்குப் போகும், எது குவாரியாகும் என்பதெல்லாம் ஷா ஆலமில்தான் தாளில் ஏறுகிறது. வரைபடத்தில் ஒரு துண்டுப் பச்சை வேறு நிறத்துக்கு மாறினால், அதன் விளைவு ரவாங்கிலோ செலாயாங்கிலோ ஒரு மலையடிவாரத்தில் தெரியும். அங்கே இரவில் உலாவும் உயிர்களுக்கு ஆட்சேபனைக் கடிதம் எழுதத் தெரியாது. அவற்றின் சார்பில் பேசக்கூடிய ஒரே ஆவணம், யாராவது பொறுமையாகக் காட்டில் நடந்து எடுத்த கணக்கெடுப்பு.

அந்தக் கணக்கெடுப்பு எப்போது நடக்க வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும், யார் செய்ய வேண்டும்? காடுகளின் விதியையே தீர்மானிக்கக்கூடிய கேள்விகள் இவை.

புக்கிட் லாகோங் சொல்லும் பாடம்

செலாயாங்குக்கும் ரவாங்குக்கும் இடையில் எழும் புக்கிட் லாகோங் வனக் காப்பகத்தின் ஒரு பகுதியை, 280 ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பை, கனிம மண்டலமாக மாற்றும் யோசனை சிலாங்கூர் மாநில அமைப்புத் திட்டம் 2035-இன் மூன்றாவது திருத்த வரைவில் இடம்பெற்றது. இங்கே கனிமம் என்றால் பெரும்பாலும் கருங்கல். நெடுஞ்சாலைக்கும் அடுக்குமாடிக்கும் போகும் ஜல்லி. சுற்றுச்சூழல் அமைப்புகளும் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். மலையடிவாரத்தில் தெமுவான் இனத்து ஓராங் அஸ்லி மக்களின் கிராமம் இருக்கிறது. அந்தக் காட்டின் மூலிகை, நீரோடை, விலங்குத் தடம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத் தெரியும்.

இதே மலையை ஒட்டிக் கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. 1920-களில் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் காடு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களும்தான் அப்போது அங்கே இருந்தன. 1929-இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பிறகு, மரம் மரமாக நட்டு வளர்த்த காடு அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனிதன் கெடுத்த நிலத்தை மனிதனே மழைக்காடாக மீட்டெடுத்ததற்கு உலகம் கொடுத்த மரியாதை அது.

சுரங்கம் அழித்ததை மீட்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள், ஓர் ஆராய்ச்சி நிலையம், பல தலைமுறை ஊழியர்களின் உழைப்பு தேவைப்பட்டன. அப்படி மீண்டதற்கும் பக்கத்து மலைக்காடு கைகொடுத்தது. விதை சுமக்கும் பறவையும் வெளவாலும் மரநாயும் வந்து சேர அருகில் ஒரு பழைய காடு இருந்தாக வேண்டும். அந்தப் பழைய காட்டையே வெட்டிவிட்டு, பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால், மீட்பதற்கு விதை எங்கிருந்து வரும்?

பத்துமலை வெளவால்களும் டுரியான் பழமும்

ஒரு குவாரியின் பாதிப்பு அதன் வேலிக்குள் நிற்பதில்லை. உலக அளவில் இதற்குச் சொல்லப்படும் நல்ல சான்றுகளுள் ஒன்று, தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலைதான்.

பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை பல பத்தாண்டுகள் கல்லுக்காக வெட்டப்பட்டது. வெடி வைத்துத் தகர்க்கும் வேலை 1980-களில்தான் முடிவுக்கு வந்தது. கோயில் குகைக்குக் கீழே, படிக்கட்டின் இடப்பக்கம் இருக்கும் இருட்டுக் குகையில் வெளவால்கள் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றில் ஒரு வகை தேன் உண்ணும் குகை வெளவால். நீண்ட நாக்கால் இரவுப் பூக்களின் தேனைக் குடித்து, உடலில் ஒட்டிய மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகும் உயிர் அது.

1970-களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வெளவால்கள் எதை உண்கின்றன என்று ஆராய்ந்தார்கள். மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து எந்தப் பூவினுடையது என்று பிரித்தார்கள். அதில் கடலோரச் சதுப்புநிலத்தில் வளரும் பெரெம்பாங் வகை மரங்களின் மகரந்தம் இருந்தது. உணவுக்காக அவை 38 கிலோமீட்டர் வரை பறந்து போய்வருகின்றன என்று தெரிந்தது. பத்துமலைக்கும் அந்தக் கடற்கரைக்கும் நடுவில் இன்று இருப்பவை சுங்கை பூலோ, ஷா ஆலம், கிள்ளான் ஆகிய ஊர்கள்தான். நாம் தூங்கும்போது நம் கூரைகளுக்கு மேலே நடக்கும் போக்குவரத்து அது.

டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவு முதிர்வதற்குள் இதழ் உதிர்த்துவிடும். பெரும்பாலான டுரியான் மரங்கள் தம் சொந்த மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. இன்னொரு மரத்தின் மகரந்தம் அந்தச் சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். அதைப் பெரும்பாலும் கொண்டுவருவது வெளவால். பெத்தாய்க் காய்க்கும் அதே உதவிதான். டுரியான் எல்லா மாதமும் பூப்பதில்லை. மற்ற நாட்களில் வெளவாலுக்குச் சோறு போடுவது ஆண்டு முழுதும் பூக்கும் கடலோர மரங்கள். குகையை வெடிவைத்துத் தகர்த்தாலும் பாதிப்பு, கடலோரச் சதுப்புநிலத்தை நிரப்பினாலும் பாதிப்பு. இரண்டும் சேர்ந்தால் டுரியான் விளைச்சல் குறையும் என்று அந்தக் காலத்திலேயே இயற்கையாளர்கள் எச்சரித்தார்கள்.

2017-இல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தப் படத்தை மேலும் தெளிவாக்கியது. ஷீமா அப்துல் அசீஸும் அவரது குழுவினரும் தியோமான் தீவில் டுரியான் மரங்களின் மேலேயே தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார்கள். பழந்தின்னி வெளவால்கள் பூவைச் சிதைக்காமல் தேனைக் குடித்து மகரந்தம் சேர்ப்பது அதில் பதிவானது. அதுவரை அவற்றைத் தோட்டக்காரர்கள் பயிரைக் கெடுக்கும் பூச்சி போலவே நினைத்திருந்தார்கள்.

இப்போது ஒரு குவாரி விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். குத்தகை எல்லைக்குள் மட்டும் நடந்து விலங்குகளை எண்ணும் ஆலோசகருக்கு, நாற்பது கிலோமீட்டர் அப்பால் இருக்கும் சதுப்புநிலமும் பத்துக் கம்பத்து டுரியான் தோட்டங்களும் எப்படித் தெரியும்? விலங்கின் வாழிடம் அது தூங்கும் இடம் மட்டுமல்ல. உண்ணும் இடம், நீர் குடிக்கும் இடம், குட்டி போடும் இடம், இவற்றை இணைக்கும் வழி எல்லாம் சேர்ந்ததுதான் வாழிடம்.

காட்டில் எண்ணுவது எப்படி?

மழைக்காட்டில் விலங்கைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை, பல மர உச்சியில் வாழ்பவை, அநேகமாக எல்லாமே மனிதனைக் கண்டால் ஒதுங்குபவை. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு வழி.

தாப்பிர், சருகுமான், கேளையாடு, காட்டுப்பன்றி, சூரியக் கரடி போன்ற தரைவாழ் விலங்குகளுக்குத் தானியங்கிக் கேமரா. விலங்குத் தடத்தின் ஓரம், முழங்கால் உயரத்தில், மரத்தில் கட்டி வைப்பார்கள். உடல் சூடு அருகே வந்ததும் அது படம் எடுக்கும். ஒரு கேமரா ஓர் இரவு நின்றால் ஒரு 'பொறி இரவு'. அரிய விலங்கு படத்தில் விழ ஆயிரக்கணக்கான பொறி இரவுகள் ஆகலாம். புலியை அதன் வரிகளால் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியும். 2016 முதல் 2020 வரை தீபகற்பத்தில் நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருக்கின்றன என்று கண்டறிந்தது. பல ஆண்டு உழைப்பில் வந்த எண் அது.

கேமராவுக்கு எட்டாததைத் தடயம் சொல்லும். தாப்பிரின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. ஓடையோரச் சேற்றில் பழகிய கண் அதை உடனே பிடிக்கும். மரப்பட்டையில் ஆழமான கீறலும் உடைந்த தேன்கூடும் இருந்தால் சூரியக் கரடி வந்திருக்கிறது. பாறையில் விதை நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய். உப்புச் சத்துள்ள மண்ணும் நீரும் ஊறும் இடங்கள் காட்டில் சில உண்டு. தாப்பிரும் மானும் தூரத்திலிருந்து அங்கே வந்து நக்கும். அப்படி ஓர் இடம் குவாரி எல்லைக்குள் போனால், சுற்றிலும் எவ்வளவு காடு மிஞ்சினாலும் அந்த இழப்பு ஈடாகாது. அது எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படம் சொல்லாது. அங்கேயே வாழும் ஓராங் அஸ்லி பெரியவர் சொல்வார்.

கிப்பன், சியாமாங் போன்ற வாலில்லாக் குரங்குகளை எண்ணக் காது வேண்டும். விடியற்காலையில் மலைமுகடுகளில் ஆட்களை நிறுத்தி, எந்தத் திசையிலிருந்து எந்த நேரத்தில் குரல் வருகிறது என்று குறித்து, பல இடங்களின் குறிப்பையும் ஒன்றுசேர்த்தால் எத்தனை குடும்பங்கள் என்று தெரியும்.

எலி, அணில், மூஞ்சூறுக்குக் கூண்டுப் பொறி. வாழைப்பழமோ செம்பனைக் கொட்டையோ வைத்து, தரையிலும் கிளையிலும் பொருத்தி, விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் எறும்பும் மழையும் உள்ளே சிக்கியதைக் கொன்றுவிடும். எடை, அளவு எடுத்து, குறியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவார்கள்.

வெளவால்களுக்கு மெல்லிய வலையும் யாழ் வடிவப் பொறியும். யாழ்ப்பொறி என்பது இரண்டு சட்டங்களில் மீன்பிடி நூலை நெருக்கமாகச் செங்குத்தாக இழுத்துக் கட்டிய கருவி. பறந்துவரும் வெளவால் நூலில் தட்டிக் காயமின்றிக் கீழே பையில் விழும். பகாங்கின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில் இப்படிச் செய்த நீண்டகால ஆய்வுகள் பூச்சி உண்ணும் வெளவால்களில் மட்டும் 50-க்கும் மேற்பட்ட இனங்களைப் பதிவு செய்தன. தீபகற்ப மலேசியாவின் பாலூட்டி இனங்களில் பாதிக்கு அருகில் வெளவால்கள்தான். வெளவாலை எண்ணாத அறிக்கை பாலூட்டிகளில் ஏறக்குறைய பாதியை எண்ணாமல் விட்ட அறிக்கை.

இதெல்லாம் ஒரு வார இறுதியில் முடியாது. முழு நிலவு இரவுகளில் பல வெளவால்கள் வெளியே வரத் தயங்கும். மழைக்காலத்தில் தடம் அழியும். நம் காட்டு மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூத்துக் காய்க்கின்றன. அந்த ஆண்டில் வரும் விலங்குகள் வேறு, மற்ற ஆண்டுகளில் வேறு. குறைந்தது ஓர் ஆண்டு, வறண்ட மாதத்திலும் மழை மாதத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் எண்ணுக்கு ஒரு நம்பகம் வரும்.

கிள்ளான் தந்த அறிஞர்

இந்த வேலைக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி இருந்தார். லிம் பூ லியாட், 1926-இல் கிள்ளானில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்தார். காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளைச் சுமக்கும் எலிகளைப் பிடித்து ஆராய்வது அங்கே முக்கிய வேலையாக இருந்தது. பட்டம் இல்லாமல் தொடங்கியவர், காட்டிலும் தோட்டத்திலும் பொறி வைத்தே கற்று, பின்னாளில் முனைவரானார். மலேசியாவின் சிறு பாலூட்டிகளைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகச் சிலர். 2013-இல் மெர்டேகா விருது பெற்றார், 2020-இல் மறைந்தார்.

எலியையும் வெளவாலையும் எண்ணுவது வெறும் ஆர்வலர்களின் பொழுதுபோக்கல்ல என்பது அவர் வாழ்க்கையில் தெரிகிறது. காடு கலையும்போது எந்த எலி பெருகும், எது மறையும், எந்த நோய் குடியிருப்புக்கு இறங்கும் என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். சுரங்கத்தருகே குடியிருக்கப்போகும் தொழிலாளியின் உடல்நலமும் அதில் அடக்கம்.

'பார்க்கவில்லை' என்றால் 'இல்லை' ஆகாது

சிலாங்கூரில் ஒரு குட்டிப் பறக்கும் அணில் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் பதிவுகள் பெரும்பாலும் சிலாங்கூரிலிருந்தே வந்தவை. அதன் எண்ணிக்கையைப் பற்றிய தகவல் போதவில்லை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குறித்திருக்கிறது. மர உச்சியில், இரவில், சத்தமின்றி வாழும் அந்த உயிர் தரையில் கட்டிய கேமராவில் விழாது. தரையில் வைத்த கூண்டிலும் சிக்காது.

ஓர் அறிக்கை "இந்த இனம் ஆய்வுப் பகுதியில் காணப்படவில்லை" என்று எழுதினால், அது எந்தக் கருவியோடு, எத்தனை இரவு, எந்த உயரத்தில் தேடியது என்று கேட்க வேண்டும். தேடாத இடத்தில் கிடைக்காதது சான்றாகாது. தேடிய உழைப்பின் அளவையும் சேர்த்து எழுதும் அறிக்கைதான் நேர்மையான அறிக்கை.

அறிக்கையில் இடம்பெறாத விலங்கும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஷா ஆலம், புஞ்சாக் ஆலம் வட்டாரக் குடியிருப்புகளுக்குள் தாப்பிர் வழிதவறி வரும் செய்திகளை நாம் அவ்வப்போது பார்க்கிறோம். சில சாலையில் அடிபட்டு இறக்கின்றன. ரப்பர் தோட்டக் காலத்தில் பால்மரம் வெட்ட விடியலில் போன நம் பாட்டன் பாட்டிகளுக்கு இந்த விலங்கு புதிதல்ல. அப்போது தோட்டத்துக்கு அடுத்து காடு இருந்தது. இன்று வீடமைப்புக்கு அடுத்து நெடுஞ்சாலை இருக்கிறது. புதிய குவாரி மலைக்காட்டைத் துண்டாக்கினால், அங்கிருந்து விரட்டப்படுவதும் இதே சாலைகளுக்குத்தான் வந்து சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. அதன் கீழ் 2015-இல் வந்த ஆணை அந்தத் திட்டங்களை இரண்டு அட்டவணைகளாகப் பிரிக்கிறது. இரண்டாவது அட்டவணையில் வருவனவற்றின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தாப்பிர், சூரியக் கரடி போன்றவற்றுக்கு முழுப் பாதுகாப்புக் கொடுக்கிறது. வனக் காப்பகத் தகுதியை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பதைத் தன் சட்டத்தில் முதலில் எழுதிய மாநிலம் சிலாங்கூர்.

இவ்வளவு இருந்தும் இரண்டு ஓட்டைகள் உண்டு. மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தின் உரிமையாளரே. ஆலோசகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எத்தனை நாள், எத்தனை கேமரா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் செலவுக் கணக்கு. இரண்டாவது, அறிக்கை வரும் நேரத்துக்குள் நிலத்தின் தகுதி வரைபடத்தில் மாறியிருக்கலாம். கனிம மண்டலம் என்று கோடு போட்ட பிறகு எண்ணினால், கேள்வி "வெட்டலாமா?" என்பதிலிருந்து "எப்படி வெட்டலாம்?" என்பதற்கு இறங்கிவிடுகிறது. விலங்குக் கணக்கெடுப்பு அமைப்புத் திட்டத்துக்கு முன்பே வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அதை மாநில அரசு ஒரு பொது நிதியிலிருந்து, பல்கலைக்கழகங்கள் வழியாக, திட்ட உரிமையாளரின் கை படாமல் நடத்த வேண்டும்.

---

அறிக்கை பார்வைக்கு வரும்போது கேட்க வேண்டியவை

• கணக்கெடுப்பு எந்தெந்த மாதங்களில் நடந்தது? மழை, வறட்சி இரண்டும் உண்டா?

• மொத்தம் எத்தனை பொறி இரவுகள்? கேமராக்கள் எங்கே நின்றன என்ற வரைபடம் இருக்கிறதா?

• குத்தகை எல்லைக்கு வெளியே எத்தனை கிலோமீட்டர் வரை பார்த்தார்கள்?

• வெளவாலுக்கு வலையும் யாழ்ப்பொறியும் வைத்தார்களா? அருகில் குகை உண்டா?

• மர உச்சி விலங்குகளைத் தேடினார்களா?

• ஓராங் அஸ்லி மக்களிடம் கேட்டார்களா? அவர்கள் சொன்னது அறிக்கையில் அவர்கள் பெயரால் இருக்கிறதா?

• லாரிப் பாதையும் வெடிச் சத்தமும் தூசியும் விலங்கு நடமாட்டத்தை எப்படி மாற்றும் என்று கணித்தார்களா?

• வேலை தொடங்கிய பிறகும் எண்ணிக்கொண்டே இருப்பது யார்? எண்ணிக்கை சரிந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

---

குரல் கொடுத்தால் கோடு மாறும்

இதெல்லாம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சலிப்பவர்கள் 2021-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். பந்திங் அருகே கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியை நீக்கும் யோசனை 2020-இல் வெளிவந்தது. அது கரிமத்தைத் தேக்கி வைத்திருக்கும் சதுப்புநிலக் காடு. தெமுவான் மக்களின் நிலம். சூரியக் கரடியும் அந்தக் குட்டிப் பறக்கும் அணிலும் அங்கே வாழ்வதாக ஆட்சேபம் எழுப்பியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் 536 ஹெக்டருக்கு மேல் காப்பகத் தகுதி நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பால் செப்டம்பர் 8-ஆம் தேதி மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

தமிழ்நாட்டிலும் இதே போன்ற ஒரு வெற்றி உண்டு. மதுரைக்கு அருகே அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானது. அந்த ஊரின் ஒரு பகுதி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழும் குன்றுகள், ஏரிகள், சமணப் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள் எல்லாம் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. மக்கள் திரண்டபோது அவர்கள் கையில் உணர்ச்சி மட்டும் இருக்கவில்லை, பட்டியலும் இருந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

முன்கூட்டியே எண்ணி வைத்த ஊர் தன்னைக் காத்துக்கொண்டது. அரிட்டாபட்டியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

கல்லும் ஈயமும் இல்லாமல் கோலாலம்பூர் எழுந்திருக்காது. நம் வீடும் சாலையும் கோயிலும்கூட ஏதோ ஒரு மலையின் கல்லால் ஆனவையே. ஒரு மலையைக்கூடத் தொடக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. எந்த மலையைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஏற்கெனவே வெட்டப்பட்ட குவாரிகளை முழுதாகப் பயன்படுத்துவது, இடித்த கட்டடங்களின் கற்காரையை மறுபடி ஜல்லியாக்குவது, இவற்றுக்குப் பிறகே புதிய மலை என்ற ஒழுங்கு வர வேண்டும்.

பத்துமலையில் நாம் வணங்கும் குகைக்குப் பக்கத்துக் குகையிலிருந்து புறப்படும் வெளவால்தான் நம் டுரியானைக் காய்க்க வைக்கிறது. அந்த உறவை அறிவியல் கண்டுபிடித்தபோது வெடிகள் ஏற்கெனவே வெடித்துக்கொண்டிருந்தன. புக்கிட் லாகோங்குக்கும் அடுத்து வரும் மலைகளுக்கும் அதே தாமதம் நேரக் கூடாது. அடுத்த முறை அமைப்புத் திட்ட வரைவோ மதிப்பீட்டு அறிக்கையோ மக்கள் பார்வைக்கு வரும்போது, கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் அமைப்புகளும் பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மேலே உள்ள கேள்விகளைத் தமிழிலோ மலாயிலோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.